நாசமாய்ப் போவதற்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம்?

வெட்டிக்காற்று: ஆங்கிலத்தில் 'கோயிங் டு த டாக்ஸ்', அதாவது நாய்களிடம் போவது என்றால் சீரழிந்து போவது. நாய்ப் பந்தயத்திலிருந்து வந்ததுதான், வேறெங்கும் தேட வேண்டாம். 1926 இல் மான்செஸ்டர் பெல் வூவில் இயந்திர முயலை ஓடவிட்டு கிரேஹவுண்டுகளைத் துரத்த வைத்தார்கள். சம்பளத்தை அங்கே தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தவனைத்தான் அப்படிச் சொல்லியிருப்பார்கள்.

பழம்புளி: கதை நல்லாத்தான் இருக்கு, வருடம் இடிக்கிறதே. டிக்கன்ஸின் 'நிக்கோலஸ் நிக்கிள்பி' நாவல் 1838-39 இல் வந்தது. அதில் மான்டலினி என்று ஓர் ஊதாரி, மனைவியின் தையல் கடை வருமானத்தில் மினுக்கித் திரிந்தவன், எல்லாம் போன பிறகு தான் 'பௌ-வௌ'களிடம் போய்விட்டதாகப் புலம்புவான். நம்ம ஊர் 'லொள் லொள்' மாதிரி, குழந்தைப் பேச்சில் நாய். அசல் தொடர் வாசகருக்கு முன்பே பழகியிருந்தால்தானே அந்தக் கிண்டல் எடுபடும்?

வெட்டிக்காற்று: சரி, 1926 ஐ விட்டுவிடுகிறேன். நிஜ முயலை விரட்டும் பந்தயம் அதற்கு முன்பே உண்டே? லிவர்பூல் பக்கம் வாட்டர்லூ கோப்பை 1836 இலேயே தொடங்கிவிட்டது.

பழம்புளி: ஜெர்மன்காரரும் அழிந்து போவதை 'நாய்கள் முன்னால் போவது' என்றுதான் சொல்கிறார், அவர் எந்தப் பந்தயத்தில் தோற்றார்? மிஞ்சியது, கெட்டது, யாருக்கும் ஆகாதது நாய்க்குப் போகும், என் கணக்கில் அவ்வளவுதான் விஷயம். ஷேக்ஸ்பியரின் மக்பெத் மருத்துவரிடம் எரிந்து விழும்போதுகூட, மருந்தை நாய்களுக்கு எறி என்றுதானே சொல்கிறான்.

ஓரத்து இருக்கை: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நேற்று பார்த்த ஒரு தொடரின் தமிழ் சப்டைட்டிலில் 'நாடு நாய்களிடம் செல்கிறது' என்று போட்டிருந்தார்கள், ஏதோ நாய்கள் ஆட்சியைப் பிடித்துவிட்ட மாதிரி! 'நாடு குட்டிச்சுவராய்ப் போச்சு' என்று எழுத என்ன கேடு?

வெட்டிக்காற்று: அதில் நமக்குள் சண்டையில்லை. ஆனால் பழம்புளி, லண்டன் வால்தம்ஸ்டோ மைதானத்தை 2008 இல் மூடும்வரை நாய்ப் பந்தயம் பார்க்கப் போனவர்களும் அங்கே போவதை இதே வார்த்தைகளில்தானே சொன்னார்கள்?

பழம்புளி: சொன்னார்கள், யார் இல்லை என்றது? பழைய தொடர் கையில் இருந்தது, பந்தயம் வந்ததும் அதை வைத்து விளையாடினார்கள். நீங்கள் பேரனைக் காட்டி தாத்தா என்கிறீர்கள்.

வெட்டிக்காற்று: அந்த மான்டலினி எந்த அத்தியாயம்? நானே பார்த்துவிட்டு வருகிறேன்.

பழம்புளி: 64, கடைசிக்கு முந்தையது. சலவை நடக்கும் நிலவறை ஒன்றில் துணி பிழியும் உருளையைச் சுற்றிக்கொண்டிருப்பான்.