இராமநாதபுரம் கடலோரம்: வண்டி வராத கிராவல் பாதை எங்கே இருக்கிறது?

கீழக்கரை_பெடல்:
வணக்கம். கீழக்கரையில் கிளம்பி ஞாயிறு காலையில் 40 முதல் 60 கிலோமீட்டர் வரை ஓட்டத் தோதான மண்பாதை தேடுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரியும், ஏர்வாடி போகிற வேன்களும் ஓயவே மாட்டேன் என்கின்றன. மேப்பில் கடலை ஒட்டி மெல்லிய கோடுகள் நிறையத் தெரிகின்றன. அதைப் பிடித்தே ஒரு பக்கம் வாலிநோக்கம், இன்னொரு பக்கம் பெரியபட்டினம் வரை போக முடியுமா? அலுமினிய கிராவல் சைக்கிள், 700x38 டயர் (38 மி.மீ. அகலம்), டியூப், டிஸ்க் பிரேக். டயரை மாற்ற வேண்டுமா? எந்த மாதம் நல்லது?

மடைக்கரை:
மேப்பில் தெரியும் கடலோரக் கோட்டை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். இங்கே கடலோரம் முழுக்கத் தொடர்ந்து போகும் பாதை கிடையாது. மெயின் ரோட்டிலிருந்து ஒவ்வொரு மீனவர் ஊருக்கும் ஒரு ரோடு இறங்கும், அதே வழியில்தான் திரும்பி ஏறவேண்டும். சீப்புப் பல் மாதிரி. தேவிபட்டினத்துக்கு வடக்கே மோர்ப்பண்ணை, காரங்காடு பக்கமும் இதே கதைதான். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குக் கரையோரமாகத் தாண்டலாம் என்று போனால் நடுவில் ஓடை வாய் இருக்கும், இல்லாவிட்டால் காய்ந்த குறுமணல். அதில் 38 டயர் ரிம் வரைக்கும் இறங்கிவிடும்.

நம் மாவட்டத்தில் வண்டி வராத பாதை என்றால் அது கண்மாய்க் கரைதான். கடலுக்கு முதுகைக் காட்டி உள்ளே திரும்புங்கள். கரை மேல் மேடு பள்ளம் குறைவு. வயலுக்குப் போகிறவர்களின் டிவிஎஸ் எக்ஸ்எல்லும் ஆட்டுமந்தையும்தான் எதிரே வரும். கீழக்கரையிலிருந்து உத்தரகோசமங்கை பக்கம் ஊர்ச்சாலையில் ஏறினால் வழிநெடுகச் சின்னக் கண்மாய்கள் இருக்கின்றன. இன்னும் ஓட்டத் தெம்பிருந்தால் சிக்கல் வரை போய், தெற்கே இறங்கி, ஏர்வாடி வழியாக வீடு சேரலாம். ஒருநாள் முழுக்க ஒதுக்க முடிந்தால் ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய்க்குப் போங்கள். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சும்மா சொல்லவில்லை. கரை அவ்வளவு நீளம்.

கரையில் மூன்று இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். மடை இருக்கும் இடத்தில் கட்டுமானத்துக்கும் மண்ணுக்கும் நடுவே பள்ளம் விழுந்திருக்கும், புல் அதை மூடியிருக்கும். அடுத்தது கலுங்கு, கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் கல்கட்டு. கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் வழிந்தால் முழங்கால் அளவுதானே என்று இறங்கக் கூடாது. பாசி பிடித்த கல்லில் டயர் நிற்காது. மூன்றாவது, மராமத்து வேலையில் புதிதாக மண் ஏற்றிய கரை. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒரு மழைக்காலம் தாண்டினால்தான் மண் இறுகும். அதுவரை முன் சக்கரம் புதையும்.

மாதம் கேட்டீர்கள். தையின் கடைசியிலிருந்து பங்குனி வரைதான் சரியான காலம். மழை நின்று களிமண் காய்ந்திருக்கும், புழுதியும் இன்னும் கிளம்பியிருக்காது. அந்த நேரத்தில்தான் முண்டு மிளகாய் ஊர்ச்சாலையில் காயும். ஒரு குடும்பத்தின் வருஷ உழைப்பு அது. இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

மழை பெய்து மூன்று நான்கு நாள் ஆகாமல் கரிசல் பக்கம் போகவே கூடாது. ஓரத்து மண்ணைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரலில் ஒட்டினால் திரும்பிவிட வேண்டியதுதான். அந்தக் களி டயரில் ஏறி, பின் ஃபோர்க் இடுக்கில் அடைத்து, செயினைக் கியர் மாற்றும் டிரெய்லியரையும் பிடித்துக்கொள்ளும். அப்போது பலமாகப் பெடலை மிதித்தால், டிரெய்லியரை ஃப்ரேமில் மாட்டும் சின்னத் துண்டான ஹேங்கர் ஒடியும். ஒவ்வொரு மாடலுக்கும் ஹேங்கர் வேறு, ஊர்க் கடையில் கிடைக்காது. உங்கள் மாடலுக்கு ஒன்று வாங்கிப் பையில் போட்டுவையுங்கள். அடைத்துவிட்டால் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு நடப்பதுதான் வழி.

இன்னொன்று. செயற்கைக்கோள் படத்தில் கண்மாய்க்குள்ளேயே பாதை தெரிந்தால் அது கோடையில் எடுத்த படம். மழைக்குப் பிறகு அங்கே தண்ணீர்தான் நிற்கும். சித்திரங்குடி, மேலச்செல்வனூர் மாதிரி சரணாலயக் கண்மாய்களில் மழைக்காலம் தொடங்கிப் பறவைகள் கூடு கட்டியிருக்கும். அந்த மாதங்களில் அந்தக் கரைகளை விட்டுவிடுங்கள்.

பனங்காடு:
பாதையை விட முள்தான் பெரிய பிரச்சினை. சீமைக்கருவை இல்லாத கரை இல்லை. வெட்டிப் போட்ட விறகு பக்கமாகப் போனாலே ஐந்தாறு முள் ஏறும். அதை டியூபில் சமாளிக்க முடியாது. டியூப்லெஸ் ஆக்குங்கள். 38 டயருக்குச் சக்கரத்துக்கு 80 மில்லி சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். நம் வெயிலில் அது சீக்கிரம் உலரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வுக்குள் இருக்கும் கோரைக் கழற்றிக் குச்சி விட்டுப் பாருங்கள், நனையாவிட்டால் இன்னும் 40 மில்லி.

முள்ளை நடுவழியில் பிடுங்குவதற்கும் முறை இருக்கிறது. பிடுங்கிய உடனே ஓட்டை கீழே வருமாறு சக்கரத்தைச் சுற்றி ஒரு நிமிஷம் நிறுத்தினால் சீலன்ட் அங்கே இறங்கி அடைக்கும். மேலேயே விட்டால் வெறும் காற்றுதான் போகும். கார்பன் டைஆக்ஸைடு சிலிண்டர் வேண்டாம். பல சீலன்ட் அதில் திரிந்துபோகும். கைப்பம்பு போதும்.

இப்போதைக்கு டியூப்தான் என்றால், பஞ்சர் ஆனதும் டியூபை மட்டும் மாற்றிக் கிளம்பாதீர்கள். முள்ளின் முனை ரப்பருக்குள் ஒடிந்து நிற்கும். வெளியே பார்த்தால் கடுகளவு கறுப்புப் புள்ளி. டயரின் உட்புறம் முழுக்கத் துணியால் தடவுங்கள், எங்கே துணி மாட்டுகிறதோ அங்கே இருக்கிறது. சின்னச் சாமணத்தால் இழுத்து எடுங்கள். இதைச் செய்யாவிட்டால் புது டியூபும் பத்து நிமிஷத்தில் போகும்.

70 கிலோ ஆளுக்கு டியூப்லெஸில் காற்றழுத்தம் முன்னால் 33, பின்னால் 37 பிஎஸ்ஐ. பனங்காட்டு மணலில் 27 வரை இறக்கலாம். டியூபில் அவ்வளவு இறக்கினால் ஜல்லி பரப்பிய ரோட்டில் ரிம் இடித்து டியூபில் இரட்டை ஓட்டை விழும். முன்னால் 40, பின்னால் 45-க்குக் கீழே போக வேண்டாம்.

வாடைக்காற்று:
வாலிநோக்கம் பற்றி: உப்பளப் பாத்தி வரப்பில் சைக்கிளை ஏற்றாதீர்கள். வரப்பு உடைந்தால் பாத்தியே வீண். லாரி போகும் உள்சாலையில் கேட்டுக்கொண்டுதான் போகவேண்டும்.

போய் வந்த அன்றைக்கே கழுவுங்கள். உப்பு இரவுக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், காய்ந்ததாகத் தெரியும் சைக்கிளும் விடிவதற்குள் நனைந்திருக்கும். நல்ல தண்ணீர் இரண்டு வாளி போதும். பம்ப் அடித்துக் கழுவினால் பேரிங்குக்குள் உப்புநீர் போய்விடும். துடைத்துவிட்டுச் செயினுக்கு எண்ணெய், டிஸ்க்கில் எண்ணெய் படாமல். அலுமினிய ஃப்ரேம் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சீட் போஸ்டை உருவி கிரீஸ் போடுங்கள். உப்பில் அது ஃப்ரேமோடு பிடித்துக்கொண்டால் பிறகு அறுத்துத்தான் எடுக்கவேண்டும். பாட்டில் கூட்டின் போல்டுக்கும் இதே கிரீஸ்.

காற்றுக் கணக்கு எளிது. மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். விடியலில் காற்றை எதிர்த்து வடக்கே போய், வெயில் ஏறும்போது காற்றை முதுகில் வாங்கித் திரும்புங்கள். ஆனி, ஆடியில் சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று. அப்போது மேற்காகவோ தெற்காகவோ தொடங்கவேண்டும். காற்றோடு போய் எதிர்காற்றில் திரும்பினால் கடைசிப் பத்துக் கிலோமீட்டர் உயிரை வாங்கும்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். வழியில் கைபம்பு இருந்தாலும் பல இடத்தில் உவர்தான். ஆதார் நகல் ஒன்று கையில் இருக்கட்டும், கடலோரத்தில் போலீஸ் நிறுத்திக் கேட்பார்கள். உச்சிப்புளி பக்கம் போனால் கடற்படை விமானதளத்தைப் படம் எடுக்காதீர்கள்.

கீழக்கரை_பெடல்:
மிக்க நன்றி. கடலோரத்தை விட்டு உத்தரகோசமங்கைப் பக்கமே போகிறேன். டியூப்லெஸ் மாற்றும்போதே 43 டயர் போட்டுவிடலாமா?

பனங்காடு:
ஃப்ரேம் இடம் கொடுத்தால் போடுங்கள், மணலுக்கு நல்ல வித்தியாசம் தெரியும். கடையில் மாட்டிக் காற்றடித்த பிறகு, பின் ஃபோர்க்கில் இரண்டு பக்கமும் 6 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஆறு மி.மீ. தடிப்புள்ள ஆலன் கீ தட்டாமல் நுழைந்தால் சரி. நுழையவில்லை என்றால் 40 போதும். மடைக்கரை சொன்ன களிமண்ணுக்கு அந்த இடைவெளி வேண்டும்.

மடைக்கரை:
உத்தரகோசமங்கை போகிறபோது திரும்பும் நேரத்தைப் பத்து மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கரை மேல் கருவையைத் தவிர நிழல் கிடையாது, அதன் நிழலில் நின்றால் டயருக்கு ஆகாது.