சம்பாரண்: எழுதி வாங்கியதற்குப் பெயர் போராட்டமா?

தென்பெண்ணை டீச்சர்:

பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பீகாரின் சம்பாரண் பாடம் வந்தால் நாலு வரியில் முடித்துவிடுவேன். இருபதில் மூன்று பங்கு நிலத்தில் அவுரி (நீலச் சாயச் செடி) போடச் சொன்னார்கள், 1917-ல் காந்தி போனார், விசாரணைக் குழு வந்தது, சட்டம் வந்தது. அவ்வளவுதான். போன வாரம் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அவர் போய் என்னதான் செஞ்சாரு? உண்ணாவிரதமும் இல்ல, ஊர்வலமும் இல்ல. எழுதி வாங்கினதுக்குப் பேரு போராட்டமா?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டேன். அந்த விவசாயிகள் தாங்களாக எதுவுமே செய்யவில்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பேங்க்காரன்:

பையனைத் திட்டாதீர்கள் டீச்சர், கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறான்.

எண்பதுகளில் மூன்று வருடம் அதே சம்பாரணில், மோதிஹாரி பக்கம் ஒரு வங்கிக் கிளையில் இருந்தேன். பயிர்க்கடன் என் மேசை. நம் ஊரில் "எங்க சார் வைக்கணும்?" என்று கட்டைவிரலை நீட்டிக்கொண்டே வருவார்கள். அங்கே ஒரு பெரியவர் மைப்பெட்டியைத் தொடவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பத்திரத்தை முழுக்க வாசித்துக் காட்ட வேண்டுமாம். என் இந்தி அப்போது நொண்டி, அவர் பேசியது போஜ்புரி. பியூன் நடுவில் உட்கார்ந்து வரிவரியாகச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவர் போன பிறகு பியூன் சொன்னான்: "அவங்க தாத்தா வாசிக்காம ரேகை வெச்சவர் சார். சரஹ்பேஷி."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் படிக்க ஆரம்பித்தேன்.

பெத்தியா ஜமீனின் கிராமங்களை வெள்ளைக்காரத் துரைகள் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அவர்களுடைய பண்ணைக்குக் கோட்டி என்று பெயர் (நெல்லையில் கோட்டி என்றால் பைத்தியம், சிரிக்க வேண்டாம்). பிகா, கட்டா என்பவை அங்கத்திய நில அளவுகள், பிகாவுக்கு இருபது கட்டா. அதில் மூன்று கட்டாவில் அவுரி போட்டே ஆக வேண்டும், அதுதான் தீன்கதியா. 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கைச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அவுரி விலை படுத்துவிட்டது. நட்டம் துரைக்குத்தானே? அங்கேதான் சூழ்ச்சி. "இனி நீ அவுரி போட வேண்டாம், உனக்கு விடுதலை. அதற்குப் பதிலாக வாரத்தை (நிலத்துக்குக் கட்டும் குத்தகையை) ஏற்றித் தா" என்றார்கள். அதுதான் சரஹ்பேஷி. வாரத்தை ஏற்ற வழியில்லாத தற்காலிகக் குத்தகைக் கிராமங்களில் மொத்தமாக ஒரு தொகை வாங்கினார்கள், அது தாவான். பிகாவுக்கு நூறு ரூபாய் வரைகூடப் போயிருக்கிறது. துரைக்கே வேண்டாத பயிரிலிருந்து விடுபட விவசாயி காசு கொடுத்தான்! பத்திரங்கள் ஆயிரக்கணக்கில் பதிவாயின. எல்லாம் முறைப்படி, ரேகையோடு.

இது போக அப்வாப் என்ற சில்லறைப் பிடுங்கல்கள். அப்பா செத்து மகன் நிலத்துக்கு வந்தால் பாபஹி-புதஹி. துரை குதிரை வாங்கினால் ஒரு வரி, யானை வாங்கினால் ஒரு வரி, மோட்டார் வாங்கினால் ஒரு வரி. துரைக்கு உடம்பில் புண் வந்து வைத்தியம் பார்த்ததற்குக்கூட கவாஹி என்று வசூலித்திருக்கிறார்கள். இதை மட்டும் வகுப்பில் சொல்லுங்கள், ஒருத்தனும் தூங்கமாட்டான்.

விவசாயிகள் சும்மா இல்லை. 1907-08-லேயே ஸாட்டி பக்கம் ஷேக் குலாப், சீதல் ராய் போன்றவர்களை முன்னிறுத்தி, அவுரி போடமாட்டோம் என்று நின்றார்கள். போலீஸ், வழக்கு, ஜெயில். எல்லா இடத்திலும் அமைதியாக நடந்தது என்றும் சொல்லமாட்டேன், அடிதடியும் உண்டு. அப்புறம் மனு மேல் மனு. ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி 1916 டிசம்பர் லக்னோ காங்கிரஸில் காந்தியைப் பிடித்தார். காந்திக்குச் சம்பாரண் என்ற பெயரே அன்றுவரை தெரியாது, அவரே எழுதியிருக்கிறார். சுக்லா விடவில்லை. கான்பூருக்குப் போனார், ஆசிரமத்துக்குப் போனார், கடைசியில் கல்கத்தாவில் காத்திருந்து ரயிலேற்றிப் பாட்னாவுக்குக் கூட்டிவந்தார். அங்கே ராஜேந்திர பிரசாத் வீட்டில் அவர் ஊரில் இல்லை. இன்ன சாதி என்று தெரியாததால் வேலைக்காரர்கள் காந்தியைக் கிணற்றடிக்கே விடவில்லை.

இப்போது உங்கள் பையனின் கேள்வி. ஏப்ரல் 16-ம் தேதி ஒரு கிராமத்துக்கு யானையில் போய்க்கொண்டிருந்த காந்தியை வழிமறித்து, மாவட்டத்தை விட்டு வெளியேறு என்று உத்தரவு கொடுத்தார்கள். 18-ம் தேதி மோதிஹாரி கோர்ட்டில், ஆமாம் மீறினேன் என்று ஒப்புக்கொண்டார். நூறு ரூபாய் ஜாமீன் கேட்டபோது கட்டமாட்டேன் என்றார். மாஜிஸ்ட்ரேட்டுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சில நாளில் மேலிடத்திலிருந்தே வழக்கை வாபஸ் வாங்கினார்கள். நம் பாடப்புத்தகம் இதோடு கை தட்டி முடித்துவிடும். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது.

காந்தியோடு இருந்த வக்கீல்கள் உட்கார்ந்து விவசாயிகளின் வாக்குமூலத்தை எழுதினார்கள். சும்மா சொன்னதை எழுதவில்லை, குறுக்கு விசாரணை செய்தார்கள். முரண்பட்டால் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்திலேயே சி.ஐ.டி. அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். காந்தி அவரைப் போகச் சொல்லவில்லை. அந்த ஆள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு குடியானவன் தன் பெயர், ஊர், எந்தக் கோட்டி, எவ்வளவு பிடுங்கினார்கள் என்று சொல்லி, கீழே ரேகை வைக்க வேண்டும். ராத்திரி அவன் திரும்பிப் போவது அதே கோட்டியின் கிராமத்துக்கு. வரிசை ஆயிரக்கணக்கில் நீண்டது. போராட்டமா இல்லையா என்று பையனே சொல்லட்டும்.

சும்மா ஒரு சந்தேகம்:

உணர்ச்சியெல்லாம் சரி சார். ஆனால் அவுரி ஏற்கெனவே சாகக் கிடந்த பயிர். காந்தி போகாவிட்டாலும் பத்து வருடத்தில் தானாகப் போயிருக்கும். கட்டியதில் திருப்பிக் கிடைத்ததும் 25 சதவீதம்தான். இதைப் போய் வெற்றி என்கிறோம்.

பழைய பேங்க்காரன்:

சாகக் கிடந்தது உண்மைதான். ஆனால் 1914-ல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் சாயம் நின்றுபோய் அவுரிக்கு மறுபடி விலை வந்துவிட்டது. அவுரி போனாலும், அதைக் காட்டி ஏற்றிய வாரம் போகாது, அது பத்திரத்தில் இருக்கிறது. அதனால் "தானாகப் போயிருக்கும்" என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன்.

25 சதவீதம் என்பது தாவானில் திருப்பித் தந்தது. சரஹ்பேஷி கணக்கு வேறு. துர்கௌலியா கோட்டியில் ஏற்றிய வாரத்தில் 20 சதவீதம், மோதிஹாரி, பிப்ராவில் 26 சதவீதம் குறைத்தார்கள். ஸ்லை என்ற அதிகாரி தலைமையிலான அந்த விசாரணைக் குழுவில் துரைகளின் ஆளும் உண்டு, காந்தியும் உண்டு. எல்லாரும் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒரு அறிக்கை அக்டோபரில் வந்தது, 1918-ல் சட்டமாகித் தீன்கதியா ஒழிந்தது. நூறு கட்டியவனுக்கு இருபத்தைந்து என்பது எனக்கும் கசக்கத்தான் செய்கிறது. கடன் வசூல் பார்த்தவன் நான், அந்த எழுபத்தைந்து யார் பாக்கெட்டில் தங்கியது என்று தெரியும். ஆனால் துரை தன் கையால் விவசாயிக்குக் காசு திருப்பித் தருவது என்பது அங்கே அதுவரை நினைத்துப் பார்க்காத விஷயம்.

அவுரித்தொட்டி:

நான் இயற்கைச் சாயத் தொழில். இலை திண்டிவனம் பக்கத்திலிருந்து வருகிறது. பச்சையாகத் தொட்டியில் அமுக்கி ஊறவைத்து, அந்தத் தண்ணீரை அடுத்த தொட்டிக்கு விட்டு அடிப்போம். அடிக்க அடிக்கப் பச்சைத் தண்ணி நீலமாகத் திரும்பும், நுரையே நீலமாக வரும். அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போகாது. என் சந்தேகம் இதுதான்: அவுரி மண்ணுக்கு நல்லது, இங்கே தழையுரமாகவே நெல்வயலில் மடக்கி உழுவார்கள். அப்புறம் ஏன் அவர்களுக்கு அந்தச் செடி மேல் அவ்வளவு கோபம்?

பழைய பேங்க்காரன்:

அண்ணே, கோபம் செடி மேல் இல்லை. எந்த மூன்று கட்டா என்று தீர்மானிப்பது கோட்டி. அதுவும் வீட்டை ஒட்டிய, எரு போட்டு வளர்த்த நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். தன் பயிருக்கு உழ வேண்டிய நேரத்தில் மாடு முதலில் அவுரிக்குப் போக வேண்டும். காசு எடைக்கு இல்லை, பரப்புக்கு ஒரு கட்டு விலை. அதிலும் கோட்டி ஆட்கள் தஸ்தூரி என்று கை நீட்டுவார்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. அதே மோதிஹாரியில்தான் 1903-ல் ஜார்ஜ் ஆர்வெல் பிறந்தார். அப்பாவுக்கு அபின் இலாகாவில் உத்தியோகம். அபின் கதை தனி, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தென்பெண்ணை டீச்சர்:

ரொம்ப நன்றி சார். இன்று வகுப்பில் புண் வரியைச் சொன்னேன், நீங்கள் சொன்னபடியே ஒருத்தரும் தூங்கவில்லை. அப்புறம் ஒரு வேலை கொடுத்தேன். பள்ளியில் என்ன குறை இருக்கிறதோ, தனக்கு நடந்ததை மட்டும், பெயர் போட்டு எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். வாங்கப்போவது நான் என்றும், அந்த நேரம் பார்த்து வராந்தாவில் போன உடற்பயிற்சி ஆசிரியரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வேன் என்றும் சொன்னேன். மொத்தம் 41 பேர். பெயரோடு வந்தது ஆறு தாள், அதில் நான்கு கழிவறைத் தண்ணீர் பற்றி. கேள்வி கேட்ட பையன் பாதி எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்த ஆறு தாளும் இப்போது என் மேசையில் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் கொடுப்பதா வேண்டாமா?