கருப்பூரில் வேலை, வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம்?

சேலத்துக்காரர்களுக்கு வணக்கம். தஞ்சாவூரிலிருந்து வேலை மாறி வருகிறேன். அலுவலகம் கருப்பூரில், பெரியார் பல்கலைக்கழகத்துக்குப் பக்கம். மனைவிக்கு ஈரோட்டில் வேலை, தினமும் ரயிலில்தான் போய்வர வேண்டும். அதனால் ஜங்ஷன் இருக்கிற சூரமங்கலத்தில்தான் முதலில் தேடினோம். பார்த்த வீடெல்லாம் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு முட்டிவலி. ஓமலூர் எனக்கு வசதி, அவளுக்குத் தோதுப்படாது.

கண்ணங்குறிச்சியில், மூக்கனேரி பக்கம், தரைத்தளத்தில் ஒரு வீடு அமைந்தது. மொட்டைமாடியில் நின்றால் சேர்வராயன் மலை. எனக்கு அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் போலிருந்தது. "மலையைப் பார்த்துக்கிட்டே ரயிலை விட்டுடுவேன்" என்கிறாள் மனைவி. காலை எட்டு மணி நெரிசலில் அங்கிருந்து ஐந்து ரோடு வழியாக ஜங்ஷன் போக எவ்வளவு நேரமாகும்?

அப்புறம் தண்ணீர். மேட்டூர் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? வீட்டுக்காரரைக் கேட்டால் "பிரச்சினையே இல்லைங்க" என்கிறார். ஆனால் வாசலில் ஏழெட்டு நீல டிரம் வரிசையாக நிற்கிறது!

அங்கே குடியிருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள். ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் 12,000 ரூபாய்க்குள் தரைத்தள வீடு காலியிருந்தாலும் தெரிவியுங்கள், உடனே வந்து பார்க்கிறோம்.