புதுப்பிப்பு: காலை ஷிஃப்டில் சிஎன்சி லேத்தில் அளவு நகர்ந்த பிரச்சினை

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புது ஆபரேட்டரான நான் கேட்டது இதுதான்: சிஎன்சி லேத்தை (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷினை) ஆன் செய்ததும் வரும் முதல் பீஸ்களில் வெளிவிட்டம் நகர்ந்துகொண்டே போகிறது, ஆஃப்செட்டை (வெட்டும் கருவியின் நிலையைச் சரிசெய்ய மெஷினில் கொடுக்கும் எண்ணை) திருத்தினால், கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது.

இன்சர்ட்டை (கருவியின் வெட்டும் முனையை) மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. பீஸைப் பிடித்துக்கொள்ளும் சக் ஜாவிலும் குறை இல்லை. ‘முதலில் மெஷினைச் சூடேற்று’ என்றவர் சொன்னதுதான் சரி. சூப்பர்வைசரிடம் கேட்டு, வெட்டு இல்லாமல் ஸ்பிண்டிலை (பீஸைச் சுழற்றும் தண்டை) படிப்படியாக வேகம் கூட்டி, இரண்டு அச்சுகளையும் முழு நீளத்துக்கு ஓட்டும் வார்ம்-அப் புரோகிராம் போட்டோம். ஸ்பிண்டிலும், அச்சுகளை நகர்த்தும் திருகான பால் ஸ்க்ரூவும் சூட்டில் நீளுமாம். அது நிலைத்த பிறகே ஆஃப்செட்டைத் தொடுகிறேன்.

எதிர்பாராதது ஒன்று: பீஸின் சூடும் ஏமாற்றுகிறது. அளவீட்டுக்கான நிலையான வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 50 மி.மீ. ஸ்டீல் பீஸ் 10 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் சுமார் 6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாகக் காட்டும். எங்கள் டாலரன்ஸே (அளவில் அனுமதிக்கும் வித்தியாசமே) ±10 மைக்ரான்! இப்போது ஆறவிட்டுத்தான் மைக்ரோமீட்டர் வைக்கிறேன். மதிய இடைவேளையில் மெஷின் நின்றால் அளவு லேசாக நகர்வது மட்டும் இன்னும் இருக்கிறது. திரும்பி வந்ததும் முதல் பீஸைத் தனியாகச் சோதிக்கிறேன்.