தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு? உதவி வேண்டும்

கித்தாக்காடு:
வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். தோட்டத்து ஆபீஸில் கம்ப்யூட்டர்களை மாற்றியபோது, கிராணியார் (கணக்கு எழுதும் குமாஸ்தா) மேசையில் இருந்த டெல் ஆப்டிபிளெக்ஸை மலிவாக வாங்கிக்கொண்டேன். ஐ5-4590, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி நான் போட்டது. சம்பளக் கணக்கு போட்டுக்கொண்டிருந்த பெட்டியில் இப்போது கோயில் திருவிழா, மஞ்சள் நீராட்டு, பள்ளி விளையாட்டுப் போட்டி என்று கைப்பேசி வீடியோக்களை எடிட் செய்கிறேன். டைம்லைனில் ஒரு கிளிப்பை வைத்தாலே படம் திக்குகிறது, சிபியு நூறைத் தொடுகிறது. மகன் வேறு வேலரண்ட் கேம் ஆட வேண்டும் என்கிறான். 500 வெள்ளிக்குள் (ரிங்கிட்) என்ன கார்டு வாங்கலாம்? மானிட்டர் பழையது, விஜிஏ மட்டும்தான்.

டர்போ தம்பி:
ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. வெறும் 70 வாட், தனியாகப் பவர் வயர் வேண்டாம். பட்ஜெட்டைத் தாண்டும், ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் அண்ணே. 8 ஜிபி உள்ளதை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அதற்குத் தனி வயர் வேண்டும்.

புந்தோங்கான்:
கண்ணை மூடுவதற்கு முன்னால் பெட்டியின் மூடியைத் திறங்கள். ஆப்டிபிளெக்ஸில் டவரும் உண்டு, ஒல்லிப் பெட்டியும் உண்டு. ஒல்லி என்றால் முழு உயரக் கார்டு உள்ளே போகாது. பவர் சப்ளை லேபிளில் எத்தனை வாட், கார்டு சொருகும் நீள ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் என்று பார்த்துச் சொல்லுங்கள். ஸ்லாட் வழியாக 75 வாட்டுக்கு மேல் வராது. பவர் சப்ளையை மாற்றிவிடலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள். டெல் இந்தத் தலைமுறையில் மதர்போர்டுக்கு 8 பின் வைத்திருக்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண 24 பின் நேராகச் சேராது, இடையில் மாற்று வயர் தேட வேண்டும்.

கித்தாக்காடு:
திறந்தேன். செம்மண் தூசி ஒரு பக்கம், ஃபேனுக்குக் கீழே பல்லி முட்டை ஓடு ஒரு பக்கம். துடைத்துவிட்டுப் பார்த்தால் லேபிளில் 255 வாட். ஒல்லிப் பெட்டிதான். நீள ஸ்லாட்டை ஒட்டியே பவர் சப்ளை இருக்கிறது, நடுவில் விரல்கூட நுழையாது.

புந்தோங்கான்:
அப்படியென்றால் கார்டை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, பெட்டி தேர்ந்தெடுக்கிறது. குட்டை உயரம், ஒரே ஸ்லாட் தடிமன், இரண்டும் வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650-இலும் 3050-இலும் குட்டைக் கார்டு உண்டு, ஆனால் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் தடிமன்.

எல்லோரும் அடுத்துச் சொல்வது ஆர்எக்ஸ் 6400. ஒற்றை ஸ்லாட், 53 வாட், உள்ளே போகும். விளையாட மட்டும் என்றால் நானும் தலையாட்டியிருப்பேன். உங்களுக்கு எடிட்டிங். அந்தக் கார்டில் வீடியோ என்கோடர் (எடிட் செய்ததை வீடியோ ஃபைலாகச் சுருக்கித் தரும் பகுதி) கிடையாது, எக்ஸ்போர்ட் செய்யும்போது கை கொடுக்காது. அதோடு ஸ்லாட்டில் நான்கு லேன் (தரவு போகும் பாதை) மட்டுமே பயன்படுத்தும் கார்டு. உங்கள் போர்டின் ஸ்லாட் அதிகபட்சம் பழைய பிசிஐஇ 3.0 என்பதால் விளையாட்டிலும் வேகம் கொஞ்சம் அடிபடும். ஜிடி 1030-லும் என்கோடர் இல்லை. அதில் மெதுவான டிடிஆர்4 மெமரி போட்டு ஒன்று விற்கிறார்கள், அதன் பக்கமே போகாதீர்கள்.

என் கை டி600 பக்கம்தான் நீளும். ஒர்க்ஸ்டேஷன் கார்டு, 40 வாட், 4 ஜிபி, 1650-இல் இருக்கும் அதே சிப்பைக் கொஞ்சம் அடக்கி வைத்தது. என்கோடர் உண்டு, வேலரண்ட் தாராளமாக ஓடும். செகண்ட்ஹேண்டில் தேடுங்கள். குவாட்ரோ பி1000-உம் பொருந்தும், ஆனால் அது என்விடியாவின் பழைய பாஸ்கல் தலைமுறை. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு விளையாட்டு டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும். இதுவும் அதே தலைமுறை என்பதால் முதல் சாய்ஸாகச் சொல்லமாட்டேன்.

டி600-இல் இருப்பது மினி டிஸ்பிளேபோர்ட். உங்கள் மானிட்டருக்கு விஜிஏ-வாக மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். இன்னொன்று: ஆன்லைனில் "1050 டிஐ" என்று போட்டு, படத்தில் விஜிஏ துளை தெரிந்தால் ஓடிவிடுங்கள். அதில் இருக்க வேண்டிய பாஸ்கல் சிப்பில் விஜிஏ-வுக்கு வேண்டிய அனலாக் வெளியீடே கிடையாது. பழைய கார்டில் பயாஸை (உள்ளே இருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி அந்தப் பெயரில் விற்பார்கள். எந்தக் கார்டு வாங்கினாலும் கடைக்காரர் முன்னாலேயே ஜிபியு-இசட் என்ற சோதனை மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். இந்த மாதிரிப் போலி என்விடியா கார்டாக இருந்தால் பெயருக்கு முன்னால் "ஃபேக்" என்று காட்டிவிடும்.

டர்போ தம்பி:
விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 11-ஐ இந்த சிபியுவுக்கு மைக்ரோசாஃப்ட் முறைப்படி தராது. இதில் போய்க் காசைப் போடுவதா?

செம்பனைப் பொண்ணு:
கார்டைக் கழற்றி அடுத்த கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாமே தம்பி.

அண்ணே, காசு கொடுப்பதற்கு முன்னால் கைப்பேசி கேமரா செட்டிங்கைப் பாருங்கள். புதிய கைப்பேசிகள் பலவும் எச்இவிசி என்ற புது வீடியோ சுருக்க முறையில் பதிவு செய்கின்றன. உங்கள் சிபியுவில் இருக்கும் எச்டி 4600 கிராஃபிக்ஸுக்கு அதை முழுசாகப் பிரிக்கும் ஹார்டுவேர் இல்லை, பாரமெல்லாம் சிபியு தலையில். பழைய முறையான எச்.264-க்கு மாற்றி ஒரு நிமிடம் எடுத்து எடிட்டரில் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே எடுத்ததற்கு புராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் லேசான நகல்) உருவாக்கி எடிட் செய்யலாம். அப்புறம், ரேம் ஒற்றைக் குச்சியா? இரண்டாகப் போட்டால் அதுவே வித்தியாசம் காட்டும்.

கித்தாக்காடு:
அக்கா சொன்னதுதான். எச்.264-இல் எடுத்த கிளிப் திக்காமல் ஓடுகிறது! ரேமும் ஒற்றைக் குச்சிதான், இன்னொரு 8 ஜிபி போடப்போகிறேன். ஆனால் திருவிழாவுக்கு மற்றவர்கள் எடுத்து அனுப்புவதெல்லாம் எச்இவிசி-யில்தான் வருகிறது, அவர்களிடம் போய் செட்டிங்கை மாற்று என்று சொல்ல முடியுமா? மகனும் விடமாட்டான். ஈப்போவில் ஒருவரிடம் டி600 இருக்கிறது, பட்ஜெட்டுக்குள் வருகிறது. பின்பக்கத் தகடு மட்டும் நீளமானதாம், குட்டைத் தகடு தொலைந்துவிட்டது என்கிறார். பரவாயில்லையா?

புந்தோங்கான்:
அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். குட்டைத் தகடு தனியாக ஆன்லைனில் விற்கிறார்கள், டி600-க்கு என்று கேட்டு வாங்குங்கள், துளைகள் மாறும். தகடே இல்லாமல் சும்மா சொருகி ஓட்டாதீர்கள். அடாப்டர் வயரின் கனம் கார்டை இழுத்து ஸ்லாட்டைப் பாழாக்கிவிடும். கார்டு போட்ட பிறகு மானிட்டர் வயரைக் கார்டில் குத்துங்கள், பழைய போர்டு துளையில் அல்ல. இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.