வெள்ளம் வடிந்ததா, வடிக்கப்பட்டதா? 'ரிசீட்' (recede, பின்வாங்குதல்) என்ற ஆங்கில வினை பற்றி

சித்தூர் டீச்சர்:
2018 கேரள வெள்ளம் பற்றி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். பாதிப் பேர் 'தி வாட்டர் வாஸ் ரிசீடட்' என்று எழுதியிருந்தார்கள். 'வாஸ்' வேண்டாம் என்று அடித்தேன். ஒரு பையனின் அப்பா வந்து, அகராதியில் இது செயப்படுபொருள் குன்றா வினையாகவும் இருக்கிறதே, எப்படித் தப்பென்று சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். என்ன சொல்வது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
டீச்சர், அவர் சொன்னதில் பொய் இல்லை, பெரிய அகராதிகளில் அப்படி இருக்கத்தான் செய்கிறது. அதோடு பழைய ஆங்கிலப் புத்தகங்களில் 'ஹீ இஸ் கம்' என்றே வரும், 'ஹீ இஸ் கான்' இன்றைக்கும் சரிதானே. போவது வருவதைச் சொல்லும் வினைகளுக்கு அந்தப் பழக்கம் இருந்தது. பிள்ளை எழுதியதற்கு மார்க்கைக் குறைப்பது நியாயமில்லை.

வாளையார் வாசகன்:
அண்ணா, அந்த அகராதிப் பதிவை முழுசாகப் படியுங்கள். வாங்கிய நிலத்தை முன்பு வைத்திருந்தவருக்கே திருப்பிக் கொடுப்பது என்று பொருள் போட்டிருக்கும். எழுத்து ஒன்றுதான், சொல் வேறு. வெள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'இஸ் கம்' வழக்கொழிந்துவிட்டது, 'கான்' மட்டும் பெயரடை மாதிரி நின்றுவிட்டது. அதை வைத்து இன்றைய பிள்ளைக்குப் பாடம் சொல்ல முடியாது.

டீச்சர், நம் தமிழே இதற்கு வழி காட்டுகிறது. அம்மா கஞ்சியை வடித்தாள், வயலில் தண்ணீர் வடிந்தது. வடித்ததற்கு ஒரு ஆள் வேண்டும், வடிந்ததற்கு வேண்டாம். 'ரிசீட்' எப்போதும் வடிந்தது. யாராவது வடித்தால் அது 'டிரெயின்' (drain). பிள்ளைகளிடம் இந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வடித்தது வடிந்தது கணக்கு நன்றாக இருக்கிறது, அதை ஏற்கிறேன். ஆனால் எல்லா இடத்திலும் 'வடி' பொருந்துமா தம்பி? 2004 டிசம்பர் 26 அன்று அலை வருவதற்கு முன் பல கரைகளில் கடல் உள்வாங்கியது, அதற்கும் ஆங்கிலத்தில் 'ரிசீடட்'தான். முன்நெற்றி ஏறுவதற்கும் அதே சொல். நினைவு மங்குவதற்கும் அதே. இங்கே நாமே மலையாளம் கலந்து 'வெள்ளம் இறங்கிச்சு' என்கிறோம், அது 'சப்சைட்' (subside, மட்டம் தாழ்வது) இல்லையா?

வாளையார் வாசகன்:
வெள்ளத்துக்கு இரண்டையும் சொல்லலாம், ஆனால் கண் பார்ப்பது வேறு. எங்கள் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் சேற்றுக் கோடு இருக்கிறது, தண்ணீர் அதற்குக் கீழே இறங்கியது 'சப்சைட்'. அதே தண்ணீர் வரப்பை விட்டு, தென்னந்தோப்பை விட்டு, புழை, அதாவது ஆற்றுப் பக்கமாக விளிம்பு விளிம்பாகப் பின்னால் போனது 'ரிசீட்'. கடலும் நெற்றி முடியும் அப்படித்தான், பின்னால் போகிறது விளிம்பு.

சித்தூர் டீச்சர்:
அந்த அப்பாவிடம் கஞ்சி உதாரணத்தையே சொல்கிறேன். மார்க்கை முழுசாகக் குறைக்க மாட்டேன் அண்ணா, அரை மார்க் மட்டும். நாலைந்து பேர் 'எக்ஸீட்' (exceed) மாதிரி இரண்டு 'இ' சேர்த்து, கடைசி 'இ'யை விட்டிருக்கிறார்கள், நாளைக்கு அதையும் போர்டில் எழுதிக் காட்ட வேண்டும்.