நோட்டு வாங்கித்தர ஆள் உண்டு, சம்பளம் தர ஆள் இல்லை

கடப்புறத்தான்: குமரி மாவட்டம் தூத்தூர் பக்கம் நண்பர்கள் சேர்ந்து டிரஸ்ட் ஒண்ணு பதிவு பண்ணி, பிள்ளைகளுக்கு சாயங்கால வகுப்பு நடத்துறோம். இது இரண்டாவது வருஷம். வருமான வரித்துறையில் 12ஏ (டிரஸ்ட் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தர்றவங்களுக்கு வரிக்கழிவு) தற்காலிகப் பதிவு கையில் இருக்கு. ஜூன் மாசம் ஆனா நோட்டு, பை, ஜியாமெட்ரி பாக்ஸ்னு குவியுது. போன வருஷத்து பாக்ஸே அட்டை பிரிக்காம அலமாரியில் கிடக்கு. பாடம் எடுக்கிற இரண்டு அக்காமாருக்குச் சம்பளம், கரண்ட் பில், வாடகைன்னு கேட்டா மட்டும் பதில் வராது. கம்பெனிகள் சமூகத்துக்குத் தர்ற சிஎஸ்ஆர் நிதி கேட்டுப் போகவா, ஊரில் மாதச் சந்தா பிரிக்கவா?

மார்த்தாண்டம்_தேன்: சிஎஸ்ஆர்தான் மக்கா. ஊரில் ஏற்கெனவே திருவிழா வரின்னு தலைக்கட்டுக்கு வாங்குறாங்க. அதுக்கு மேல நீ போய் நின்னா கதவை அடைப்பாங்க. வருஷம் 5 கோடி நிகர லாபம் பார்க்கிற கம்பெனி, மூணு வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவழிக்கணும்னு 2013 கம்பெனிச் சட்டமே சொல்லுது. நல்ல புராஜெக்ட் ரிப்போர்ட் ஒண்ணு போடு.

கோட்டாறு_கணக்கு: யாருக்குப் போட? கம்பெனி தானே தொடங்காத டிரஸ்டுன்னா அதே மாதிரி வேலையில் குறைஞ்சது 3 வருஷ அனுபவம் காட்டணும், சிஎஸ்ஆர் பணம் வாங்க மத்திய அரசில் செய்யிற சிஎஸ்ஆர்-1 பதிவும் வேணும். நம்ம மாவட்டத்தில் ரப்பர், முந்திரி, மீன்னு சின்ன முதலாளிகள்தான் ஓய் அதிகம்.

மார்த்தாண்டம்_தேன்: மணவாளக்குறிச்சியில் ஐஆர்இஎல் மணல் ஆலை இருக்கே அண்ணாச்சி, கடற்கரை மணலில் தாது பிரிக்கிற மத்திய அரசு நிறுவனம்.

கடப்புறத்தான்: அதை விடுங்கண்ணே. கிள்ளியூர் வட்டத்தில் அவங்க மணல் எடுக்கிற திட்டத்தை எதிர்த்து கடப்புறத்துச் சனம் நிக்குது. அந்தக் காசு வந்த மறுநாள் வகுப்புக்குப் பிள்ளை வராது.

மார்த்தாண்டம்_தேன்: எதிர்ப்பு எதிர்ப்பா இருக்கட்டும். பிள்ளை படிக்கிறதுக்கு வாங்கினா என்ன குறைஞ்சு போச்சு?

வள்ளவிளை_குவைத்: குறையும். நாளைக்கு 'உங்க பிள்ளையே எங்க காசில்தான் படிக்குது'ன்னு பேச்சு வரும். குவைத்தில் எங்க ரூமில் ஆளுக்கு மாசம் ஐந்நூறு போட ரெடி. ஆனா வெளிநாட்டுப் பணம்னு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) கேஸ் வந்துருமோன்னு ஒரு பயம்.

கோட்டாறு_கணக்கு: நீங்க இந்தியப் பாஸ்போர்ட் தானே? சொந்தச் சம்பாத்தியத்தை பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. டிரஸ்ட் உங்க பாஸ்போர்ட் நகல் வாங்கி வைக்கட்டும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கின மச்சான் ஆயிரம் ரூபாய் போட்டாலும் அந்தக் கணக்கில் வந்துரும், அதில் உஷாரா இருங்க. எஃப்சிஆர்ஏ பதிவு கேட்கவும் 3 வருஷம் ஆகணும், அதுக்குள்ள 15 லட்சம் செலவழிச்ச கணக்கு காட்டணும். உங்க அளவுக்கு இப்போ அது நடக்காது.

தோவாளை_பிச்சி: எனக்கு வேற கேள்வி. சேவைன்னு தொடங்கிட்டு சம்பளம் எதுக்கு? காலேஜ் பிள்ளைகளைத் தன்னார்வலரா போடலாமே.

கடப்புறத்தான்: போட்டோம் அக்கா. செமஸ்டர் பரீட்சை வந்தா ஒரு மாசம் ஆளைக் காணோம். இன்னொருத்தர் குரூப் 4 படிக்கப் போனார், இன்னொருத்தருக்கு திருவனந்தபுரத்தில் வேலை கிடைச்சுது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு கணக்கை யாரு விட்ட இடத்தில் இருந்து எடுப்பா?

தோவாளை_பிச்சி: அப்போ கேட்கிற விதத்தை மாத்துங்க. 'நிர்வாகச் செலவு'ன்னா நான்கூட தரமாட்டேன். ஒரு பிள்ளைக்கு ஒரு மாசம் பாடம் நடத்த இவ்வளவு, அதில் டீச்சருக்கு இவ்வளவுன்னு வெளிப்படையா போடுங்க.

கோட்டாறு_கணக்கு: போடும்போது 80ஜி வரிக்கழிவை மட்டும் நம்பிக் கேட்காதீங்க. புது வரிமுறையில் இருக்கிறவங்களுக்கு அந்தக் கழிவே கிடையாது. பழைய முறைன்னாலும் ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல தந்தா கிடைக்காது.

வள்ளவிளை_குவைத்: ரசீது வேணாம், மாசக் கணக்கை வாட்ஸ்அப்பில் போடுங்க போதும்.

கோட்டாறு_கணக்கு: ரசீது கண்டிப்பா வேணும் தம்பி. மூணு வருஷம் கழிச்சு சிஎஸ்ஆர் கேட்டுப் போகும்போது அந்தப் புத்தகத்தைத்தான் முதல்ல கேட்பான்.

மார்த்தாண்டம்_தேன்: பாத்தியா, கடைசியில் சிஎஸ்ஆருக்கே வந்தாச்சு. அப்போ ரிப்போர்ட் எழுத நான் வாறேன். மணல் ஆலை விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.